முட்டி ஜவ்வுச் செல்லை ஆய்வகத்தில் வளர்ப்பது எப்படி

மனிதக் குருத்தெலும்புச் செல் ஒரு லட்சத்தை ஒரு கோடியாக்க யாரும் கற்றுக்கொள்ளலாம், ஒன்றரை மாதம் போதும். அந்த ஒரு கோடியும் இன்னும் குருத்தெலும்புச் செல்தானா என்று கேட்டால்தான் பலருக்கு முகம் மாறும். தட்டையான பிளாஸ்டிக்கில் ஒட்டிப் பெருகப் பெருக இந்தச் செல் தன் பிழைப்பையே மறந்துவிடுகிறது. தர்மபுரியில் ஒரு சின்ன ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் செல் வளர்ப்பு சொல்லிக்கொடுக்கிறேன், ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் அதே தவறு நடக்கிறது, அதனால் ஆரம்பத்திலிருந்து எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இது ஆராய்ச்சிக்கான முறை மட்டும். வளர்த்த செல்லை மனித உடம்பில் வைக்க வேண்டுமென்றால் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், ஜிஎம்பி என்ற நல்ல உற்பத்தி முறைத் தரத்தில் கட்டிய கூடம் என்று அது வேறு உலகம்.

எதை வளர்க்கிறோம் என்று முதலில் பார்த்துவிடுவோம். ஊரில் "முட்டி ஜவ்வு தேஞ்சு போச்சு" என்கிறார்களே, அந்த ஜவ்வுதான் மூட்டுக் குருத்தெலும்பு. எலும்பு முனையில் சில மில்லிமீட்டர் தடிமனுக்குப் போர்த்திக்கொண்டிருக்கும். ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. எடையில் ஏறக்குறைய முக்கால்வாசி தண்ணீர். மீதியில் பெரும்பங்கு இரண்டாம் வகைக் கொலாஜன் இழையும், தண்ணீரை இழுத்துப் பிடித்துவைக்கும் அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறும். செல்லின் பங்கு கன அளவில் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. தோட்டத்துக்குள் தள்ளித் தள்ளிக் கட்டிய வீடுகள் மாதிரி ஒவ்வொரு செல்லும் தனிக் குழிக்குள், பக்கத்து வீட்டுக்காரன் முகம் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும். ரத்த ஓட்டம் இல்லாததால் அடிபட்டால் தானாகச் சரியாவதில்லை. அதனால்தான் 1987இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் மாட்ஸ் பிரிட்பெர்க், லார்ஸ் பீட்டர்சன் குழுவினர் நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பிலிருந்து செல்லெடுத்து, வெளியே பெருக்கி, அதே முட்டியில் திரும்ப வைக்கத் தொடங்கினார்கள். 23 பேருக்குச் செய்த முடிவுகள் 1994இல் வெளியாயின. இன்று நாம் செய்வதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

சரி, மனிதக் குருத்தெலும்பு எங்கே கிடைக்கும்? முட்டி மாற்று அறுவைச் சிகிச்சையில் வெட்டியெடுத்து வீசப்படும் துண்டுகள்தான் நடைமுறையில் கிடைக்கக்கூடியவை. நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் இல்லாமல் ஒரு துண்டைக்கூடத் தொடாதீர்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். ஓசூர், தளி பக்கமென்றால் தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து வாங்குவதைச் சடங்காக நினைக்க வேண்டாம். ஒருமுறை பாலக்கோடு பக்கத்து அம்மா ஒருவர் படிவத்தை மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஏந்தம்பி, வெட்டி எடுக்கிறத வளத்து எனக்கே திருப்பி வெச்சிடுவீங்களா?" என்றார். "இல்லம்மா, இது படிச்சுப் பாக்கறதுக்கு மட்டும். உங்களுக்குத் திரும்ப வராது" என்றேன். கொஞ்ச நேரம் முட்டியையே தடவிக்கொண்டிருந்தார். "சரி, தூக்கிப் போடறதுதானே, யாருக்காவது ஆவட்டும்" என்று கைநாட்டு வைத்தார். அந்த "இல்லம்மா"வை நாமாகவே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும், அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி விட்டது என் தவறு. இப்போது முதல் வரியாக அதைத்தான் சொல்கிறேன்.

மனிதத் திசு கைக்கு வருவதற்கு முன்னால் ஆட்டு முட்டியில் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் சொல்லிவைத்தால் மூட்டைத் திறக்காமல், தோல் மட்டும் உரித்து முழு முட்டியாகக் கொடுப்பார்கள். மூட்டு திறந்துவிட்டால் கடைக் கத்தியிலிருக்கும் கிருமியெல்லாம் உள்ளே போய்விடும். வெளிப்புறத்தை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து, கிருமி புகாத காற்றோட்டக் கேபினெட்டுக்குள் வைத்துத் திறந்து, சீவிப் பழக வேண்டும். நான்கைந்து முட்டி ஆன பிறகு கை தானாக அளவு கண்டுகொள்ளும். ஆட்டுச் செல் வேகமாகப் பெருகும், வயதானவர் செல் அப்படிப் பெருகாது, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அறுவை அரங்கிலிருந்து திசுவை நுண்ணுயிர்க்கொல்லி கலந்த குளிர்ந்த ஊடகத்தில் (செல்லுக்கு உணவான திரவம்), ஐஸ் ஜெல் வைத்த பெட்டியில் கொண்டுவாருங்கள். உறைந்துவிடக் கூடாது, அதனால் ஜெல்லும் புட்டியும் நேராக ஒட்டாமல் நடுவே ஒரு துணி. 24 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிட்டால் நல்லது. சேலத்திலிருந்து வருவதாக இருந்தால் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி சாய்ந்தால்கூட அரை நாள் போய்விடும், அதையும் கணக்கில் சேர்த்துப் புறப்படுங்கள்.

சீவுவது எப்படி? தேய்ந்த முட்டியில் எல்லா இடமும் ஒன்றுபோல இருக்காது. வெள்ளையாக, வழுவழுப்பாக, பளபளப்பு மிச்சமிருக்கும் இடத்தைத் தேடுங்கள். மஞ்சளித்து நார் நாராகக் கிளம்பியிருக்கும் பகுதியை விட்டுவிடுங்கள். ஸ்கால்பெல்லைச் சாய்த்துப் பிடித்து, இளநீர் வழுக்கையை வழித்தெடுப்பது போல மெல்லிய பத்தையாக எடுக்க வேண்டும். கத்தி அடியில் கரகரவென்று தட்டினால் எலும்பு வந்துவிட்டது, நிறுத்துங்கள். எலும்போடு சேர்ந்து எடுத்தால் ரத்தச் செல்லும் எலும்பு மஜ்ஜைச் செல்லும் கலந்துவிடும், அவை வேகமாகப் பெருகி நம் செல்லை ஓரங்கட்டிவிடும். எடுத்த பத்தைகளை எடைபோட்டு, பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் மூன்று முறை அலசி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். காயவிடாதீர்கள், நறுக்கும்போது மேலே சில துளி ஊடகம் இருந்துகொண்டே இருக்கட்டும்.

அடுத்தது, செல்லைச் சுற்றியுள்ள திசுவை நொதியால் கரைப்பது. முதலில் புரதத்தை அறுக்கும் புரோனேஸ் 0.2 சதவீதம், 37 டிகிரியில் ஒரு மணி நேரம். அலசிவிட்டு, கொலாஜனை அறுக்கும் இரண்டாம் வகைக் கொலாஜனேஸ், மில்லிலிட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம், 37 டிகிரியில் மெதுவாக ஆட்டிக்கொண்டே ராத்திரி முழுக்க. பெயர்க் குழப்பம் வரும்: இங்கே இரண்டாம் வகை என்பது நொதி விற்பவர்கள் வைத்த வகைப்பெயர், இரண்டாம் வகைக் கொலாஜனோடு அதற்குச் சம்பந்தமில்லை. நொதியை டிஎம்இஎம் ஊடகத்தில் கரைத்து 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துக்கொள்ளுங்கள். கொலாஜனேஸ் வேலை செய்யக் கால்சியம் வேண்டும், அதனால் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கலந்த எதையும் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. ஒவ்வொரு லாட்டுக்கும் வீரியம் மாறும். புதுப் புட்டி திறந்தால் ஆட்டு முட்டியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். மாலை எட்டு மணிக்குப் போட்டால் காலை எட்டு மணிக்கு வந்து பார்க்க வேண்டும். துண்டுகள் கரைந்து கஞ்சித் தெளிவு மாதிரி கலங்கலாக இருந்தால் போதும். இன்னும் இரண்டு துண்டு கரையவில்லையே என்று மதியம்வரை விட்டால் ஏற்கெனவே வெளியே வந்த செல்கள் செத்துப்போகும். கரையாததை விட்டுத்தள்ளுங்கள்.

70 மைக்ரான் சல்லடையில் வடித்து, மையவிலக்குக் கருவியில் 300 ஜி (புவியீர்ப்பைப் போல 300 மடங்கு) விசையில் பத்து நிமிடம் சுற்றி, இரண்டு முறை கழுவி, டிரிப்பான் நீலம் போட்டு எண்ணுங்கள். நீலம் ஏறியது செத்த செல். நூற்றுக்குத் தொண்ணூறு உயிரோடு இருந்தால் சந்தோஷப்படலாம். வயதானவர் முட்டியில் ஒரு கிராமுக்குப் பத்து லட்சத்தைச் சுற்றிக் கிடைத்தால் மோசமில்லை.

ஊடகம்: டிஎம்இஎம்மும் எஃப்12ம் சமமாகக் கலந்தது, 10 சதவீதம் எஃப்பிஎஸ் (கன்றுக்குட்டிக் கருவின் ரத்தச் சீரம்), பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின் 1 சதவீதம், முதல் வாரம் மட்டும் பூஞ்சைக்காக ஆம்போடெரிசின் பி. மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வைட்டமின் சி சேர்க்க வேண்டும், அது இல்லாமல் செல்லால் கொலாஜனை ஒழுங்காக முறுக்கிக் கட்ட முடியாது. சாதாரண அஸ்கார்பிக் அமிலம் ஊடகத்தில் சீக்கிரம் கெட்டுவிடும், அஸ்கார்பிக் அமில 2-பாஸ்பேட் வாங்குங்கள். கையில் காசிருந்தால் எஃப்ஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணி மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம். பெருகும் வேகம் கூடும் என்பதோடு, பின்னால் திரும்பக் குருத்தெலும்பாக மாறும் திறமையும் மிஞ்சும்.

சதுர சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் செல் விதையுங்கள். 75 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள டி-75 குப்பிக்கு ஏழரை லட்சம் ஆகிறது. 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. பிறகு மூன்று நாள் தொடாதீர்கள். இந்தச் செல் ஒட்டுவதற்கு நேரம் எடுக்கும், மறுநாளே எடுத்து ஆட்டிப் பார்த்து "செத்துப்போச்சு சார்" என்று வந்து நிற்கும் மாணவர்கள் எனக்கு வருடத்துக்கு நான்கு பேர். ஒட்டிய பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊடகம் மாற்றினால் போதும்.

இங்கே நம்ம ஊர் விஷயம் இரண்டு. முதலாவது தண்ணீர். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீருக்குப் பேர்போன மாவட்டங்கள், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். போர் தண்ணீரின் உப்பும் கடினமும் இன்குபேட்டரையும் ஆட்டோகிளேவையும் தின்றுவிடும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், லீவு நாளில் இன்குபேட்டர் அடித்தட்டு வற்றிவிட்டதென்று யாரோ நல்ல மனசோடு குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனார்கள். பத்து நாளில் தட்டின் ஓரத்தில் வெள்ளைப் படிவு, அதன்மேல் சாம்பல் நிறப் பூஞ்சை, அப்புறம் பதினான்கு குப்பியிலும் பஞ்சு பஞ்சாக மிதந்தது. அவ்வளவையும் ஹைப்போகுளோரைட்டில் ஊற்றி அழித்தோம். நுண்ணுயிர் நீக்கிய வாலைவடி நீர் மட்டும், தட்டின்மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். இரண்டாவது கரண்ட். யூபிஎஸ் இருந்தாலும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஒருநாள் வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் ஊடகத்தின் சிவப்பு, நாவற்பழச் சாறு நிறத்துக்குப் போகும். மஞ்சளாகிக் கலங்கினால் பாக்டீரியா. இரண்டுமில்லாமல், தெளிவாகவே இருந்து, செல் மட்டும் சோம்பிக் கிடந்தால் மைக்கோபிளாஸ்மாவைச் சந்தேகியுங்கள். அதற்குச் செல்சுவர் இல்லை, பெனிசிலின் ஒன்றும் செய்யாது, பிசிஆர் போன்ற டிஎன்ஏ சோதனை பார்த்தால்தான் தெரியும்.

இப்போது அந்த "அதே தவறு". முதல் ஒன்றிரண்டு வாரம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் பலகோணமாக, தரையில் பதித்த கல் மாதிரி அழகாக இருக்கும். குப்பி நிறைய வருகையில் 0.25 சதவீத டிரிப்சினில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வைத்துக் கிளப்பி, சீரம் ஊடகம் ஊற்றி நிறுத்தி, அடுத்த குப்பிக்கு மாற்றுவோம். இதுதான் பாசேஜ். ஒன்று, இரண்டு, மூன்று என்று போகப் போகக் கல் நீண்டு வாழைநார் ஆகும். பார்க்க ஆரோக்கியமாக, வேகமாகப் பெருகும், மாணவனும் எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்படுவான். உள்ளே இரண்டாம் வகைக் கொலாஜன் உற்பத்தி விழுந்துபோய், தழும்பிலும் தோலிலும் இருக்கும் முதலாம் வகைக் கொலாஜன் ஏறியிருக்கும். அதை வைத்துத் திசு கட்டினால் நார்த் தழும்புதான் கிடைக்கும். என் கணக்கு: பாசேஜ் இரண்டோடு நிறுத்துங்கள். செல் போதவில்லை என்றால் இன்னொரு திசுவிலிருந்து எடுங்கள், ஐந்தாம் பாசேஜுக்கு ஓட்டாதீர்கள். முதல் பாசேஜிலேயே பாதியை 90 சதவீதம் எஃப்பிஎஸ், 10 சதவீதம் டிஎம்எஸ்ஓ என்ற உறைகாப்புத் திரவத்தில், நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்வித்துத் திரவ நைட்ரஜனில் போட்டுவைத்துவிட்டால் பின்னால் தவித்து நிற்க வேண்டாம்.

மறந்ததை நினைவூட்டலாம் என்பதுதான் இதில் நல்ல செய்தி. 1982இல் பென்யா, ஷாஃபர் என்ற இரு ஆய்வாளர்கள், தட்டையாகிப்போன முயல் குருத்தெலும்புச் செல்லை அகரோஸ் ஜெல்லுக்குள் மிதக்கவிட்டார்கள். உருண்டையான இடம் கிடைத்ததும் அது மறுபடி இரண்டாம் வகைக் கொலாஜன் செய்யத் தொடங்கியது. செல்லுக்கு உருவம்தான் ஞாபகம் போல. முப்பரிமாணத்தில் வைக்க மூன்று வழி சொல்கிறேன்.

எளிதானது உருண்டை முறை. 15 மில்லி கூம்புக் குழாயில் இரண்டரை லட்சம் செல், 500 ஜியில் ஐந்து நிமிடம் சுற்றி, மூடியைத் தளர்வாக வைத்து இன்குபேட்டரில் நிறுத்துங்கள். மறுநாள் அடியில் சப்பையாக இருந்தது சுருண்டு, குழாயை லேசாகத் தட்டினால் மிதந்து எழும். ஊடகத்தில் சீரம் வேண்டாம்: அதிகக் குளுக்கோஸ் டிஎம்இஎம், ஐடிஎஸ் (இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம் கலவை) 1 சதவீதம், டெக்ஸாமெத்தசோன் 100 நானோமோலார், புரோலின் மில்லிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம், பைருவேட், வைட்டமின் சி, முக்கியமாக டிஜிஎஃப் பீட்டா-3 என்ற வளர்ச்சிக் காரணி மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம். இந்தக் கடைசிச் சரக்குதான் விலை. சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து உறையவைத்து, ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைக்காமல் பயன்படுத்துங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றி மூன்று வாரம். கடைசியில் கிடைப்பது வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி, பளபளப்பாக, இடுக்கியால் தொட்டால் மீளும் ஒரு மணி. ஊடகத்தை உறிஞ்சும்போது உருண்டையும் பிப்பெட்டுக்குள் போய்விடும், கண்ணை எடுக்காதீர்கள். ஆக்சிஜனை 5 சதவீதத்துக்குக் குறைக்கும் வசதி இருந்தால் செய்யுங்கள், ரத்தமில்லாத இடத்தில் வாழ்ந்த செல்லுக்கு அதுதான் பழக்கம்.

இரண்டாவது அல்ஜினேட், கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசை. 1.2 சதவீத அல்ஜினேட்டில் செல்லைக் கலந்து, 22 கேஜ் ஊசி வழியாக 102 மில்லிமோலார் கால்சியம் குளோரைடில் சொட்டவிட வேண்டும். பூந்தி தேய்ப்பது மாதிரிதான், உயரமும் வேகமும் சீராக இருந்தால் மணி சீராக வரும். பத்து நிமிடத்தில் இறுகிவிடும். செல் திரும்ப வேண்டுமானால் 55 மில்லிமோலார் சிட்ரேட்டில் கரைத்துவிடலாம், அந்த வசதி உருண்டை முறையில் இல்லை.

மூன்றாவது எனக்குப் பிடித்தது, பட்டு. பக்கத்திலேயே பட்டுக்கூடு அங்காடி இருக்கும்போது இறக்குமதி ஸ்கேஃபோல்டுக்கு (செல் பற்றி வளரும் சட்டம்) ஏன் காத்திருக்க வேண்டும்? வெண்பட்டுக் கூடு வாங்கி, வெட்டிப் புழுவை எடுத்துவிட்டு, 5 கிராம் கூட்டுக்கு இரண்டு லிட்டர் வாலைவடி நீரில் 4.24 கிராம் சோடியம் கார்பனேட் போட்டு 30 நிமிடம் கொதிக்கவையுங்கள். செரிசின் என்ற பசை கரைந்து போகும். பசை மிச்சமிருந்தால் உடம்பு ஏற்காது. இங்கேயும் போர் தண்ணீர் ஆகாது, கார்பனேட்டோடு சேர்ந்து சுண்ணாம்பாக இழைமேல் படியும். நன்றாக அலசிக் காயவைத்து, 9.3 மோலார் லித்தியம் புரோமைடில் 60 டிகிரியில் நான்கு மணி நேரம் கரைத்து, டயாலிசிஸ் பையில் கட்டி இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தால் பட்டின் இழைப் புரதமான ஃபைப்ராயினின் கரைசல் தயார், 6 முதல் 8 சதவீதம் இருக்கும். அதில் இரண்டு மில்லிக்கு, சலித்து 500-600 மைக்ரான் அளவில் எடுத்த உப்புப் பரல் நான்கு கிராம் மெதுவாகத் தூவி இரண்டு நாள் விட்டு, பிறகு உப்பை நீரில் கரைத்து வெளியேற்றினால் பஞ்சு போன்ற துளை நிறைந்த கட்டி. ஆட்டோகிளேவைத் தாங்கும். ஐந்து மில்லிமீட்டர் வட்டு வெட்டி, பத்து லட்சம் செல்லை 30 மைக்ரோலிட்டரில் சொட்டி, ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவிட்டுத்தான் ஊடகம் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் செல் எல்லாம் தட்டின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

வந்தது குருத்தெலும்புதானா? சீவல் எடுத்துச் சாஃப்ரனின் ஓ சாயமும், எதிர்ச்சாயமாகப் பச்சையும் போடுங்கள். செம்மஞ்சள் சிவப்பு ஏறினால் அக்ரிகனின் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. பச்சை மட்டும் தெரிந்தால் நார்தான் வளர்ந்திருக்கிறது. இரண்டாம் வகைக் கொலாஜனுக்கும் முதலாம் வகைக்கும் தனித்தனி ஆன்டிபாடி போட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்றை மட்டும் போட்டுப் படம் காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. பத்தாம் வகைக் கொலாஜன் மரபணு ஏறியிருந்தால் செல் எலும்பாகும் பாதையில் கிளம்பிவிட்டது. ஓரம் நல்ல சிவப்பாக, நடுவில் மட்டும் வெளிறி, செல்கருக்கள் சிதைந்து தெரிந்தால் உள்ளே உணவு போகவில்லை. அடுத்த முறை உருண்டைக்குச் செல்லைக் குறைத்து, இரண்டு லட்சத்தில் போட்டுப் பாருங்கள்.